கருணைக்குப் பாடவேளை உண்டா?

வயிற்றுப்போக்கில் வாடிய துறவி ஒருவர் தன் மலத்திலும் மூத்திரத்திலுமே விழுந்து கிடந்தார். அந்த வழியாக வந்த புத்தர், கவனித்துக்கொள்ள யாருமில்லையா என்று கேட்டார். தன்னால் மற்றவர்களுக்கு ஒரு பயனும் இல்லாததால் யாரும் வருவதில்லை என்றார் துறவி. புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் புத்தர் சங்கத்தைக் கூட்டினார். தாயும் தந்தையும் உடன் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள் என்று கேட்டார்.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வரும் இந்த நிகழ்ச்சியில் வேலை முதலில் நடக்கிறது, பேச்சு பின்னால் வருகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு வேண்டிய ஐந்து தகுதிகளையும் புத்தர் அங்கே சொல்கிறார். மருந்து தயாரிக்கத் தெரிவது அவற்றில் ஒன்று. கூலிக்காக அன்றி அன்பினால் செய்வது இன்னொன்று. மலம், மூத்திரம், வாந்தி ஆகியவற்றை அருவருக்காமல் அப்புறப்படுத்துவதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் இப்படித்தான். பணிவிடை செய்பவருக்கு அது கேட்கும் நான்கு தகுதிகளில் கைத்திறனும் அன்பும் அடுத்தடுத்து நிற்கின்றன.

கைத்திறனைக் கற்றுத்தரலாம். அன்பை? அறுவை சிகிச்சை வார்டில் மாணவிகளோடு நிற்கும் நர்சிங் டியூட்டர் தினமும் சந்திக்கும் கேள்வி இது.

குடல் அறுவை முடிந்து, வயிற்றில் மலம் சேரும் கொலோஸ்டமி பையோடு படுத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்தப் பையை முதல்முறை திறக்கும் மாணவிக்கு வாடை முகத்தில் அடிக்கிறது. நோயாளியோ தன் வயிற்றை இன்னும் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்திருக்க மாட்டார். அவர் பார்ப்பது மாணவியின் முகத்தை. இனிமேல் மனிதர்கள் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கான முதல் பதில் அந்த முகத்தில்தான் இருக்கிறது. “முகம் சுளிக்காதே” என்று காதில் சொல்வது அந்த நேரத்தில் எதற்கும் உதவாது. நல்ல டியூட்டர் தானே முன்னால் போகிறார். திரையை இழுத்துவிட்டு, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று நோயாளியிடம் சொல்கிறார். சுற்றியுள்ள தோல் சிவந்திருக்கிறதா, வயிற்றில் திறந்திருக்கும் குடல்வாயான ஸ்டோமாவின் நிறம் கறுக்கிறதா என்று மாணவியைப் பார்க்கவைக்கிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கு அருவருப்பு குறைந்துவிடுகிறது. மறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் வேலைக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இது பழக்கம்தானே, கருணை எப்படி ஆகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டிக் கட்டியே கட்டடக் கலைஞன் உருவாவதுபோல நற்செயல்களைச் செய்தே மனிதன் நல்லவனாகிறான் என்பது அரிஸ்டாட்டிலின் நிலை. ஆனால் உள்ளம் ஒட்டாத கையும் அதே வேலையைப் பழகிக்கொள்ள முடியும். அதனால் இன்னொரு விளக்கமும் தேவைப்படுகிறது.

பிரெஞ்சு சிந்தனையாளர் சிமோன் வேய் 1942இல் எழுதிய ஒரு கட்டுரை அதைத் தருகிறது. பள்ளிப் பாடங்கள் கூர்ந்த கவனத்தைப் பழக்குகின்றன. அந்தக் கவனமே பிரார்த்தனையின் சாரம், துன்பப்படுபவனுக்கு நாம் தரக்கூடியதும் அதுவே என்று அவர் வாதிடுகிறார். வார்டில் இதற்கு நேரான பயிற்சி ஒன்று உண்டு: மூச்சை எண்ணுவது. அறுவை முடிந்தவரின் நிலை மோசமாகத் தொடங்கும்போது சுவாச வேகம் பல சமயம் முன்னதாகவே மாறுகிறது. ஆனால் அவசரத்தில் பலரும் எண்ணாமலே சார்ட்டில் ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள். முழு நிமிடமும் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எண்ணவைக்கும் டியூட்டர், ஒரு மனிதரை அந்த நிமிடம் முழுக்கப் பார்க்கக் கற்றுத்தருகிறார். இதைக் கருணைக்கு முன்தயாரிப்பு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. படுத்திருப்பவருக்குக் கருணை வந்து சேரும் வடிவமே அதுதான்.

கல்வியின் பலன் உயிர்க்கணக்கிலும் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து லிண்டா ஐக்கனும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பட்டம் பெற்ற செவிலியர்களின் விகிதம் 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு சுமார் 5 சதவீதம் குறைவாக இருந்தது. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் வகுப்பறைக்கும் கட்டிலுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு பெரிதல்ல என்று நம்ப அது போதும்.

மகாவக்கத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. துறவி நோயுற்றால் அவரை யார் கவனிக்க வேண்டும் என்ற வரிசையில் ஆசிரியரும் வருகிறார், மாணவரும் வருகிறார். கடமை இரண்டு பக்கமும் ஓடுகிறது. டியூட்டர்களைப் பயிற்றுவிப்பவர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். மாணவியைக் கவனித்துக்கொள்வதும் டியூட்டரின் வேலைதான். நோயாளியின் முன்னால், ரவுண்ட்ஸில் எல்லோரும் பார்க்கத் திட்டு வாங்கிய மாணவி, அடுத்த முறை தவறை மறைக்கவே முனைவாள். அறுவைக் காயத்தின் கசிவு சேரும் டிரெயின் பாட்டிலில் ரத்தம் கூடுவது போலத் தோன்றும்போது, உறுதியாகத் தெரியாமல் கேட்டால் ஏச்சு விழுமே என்று தயங்குவாள். அந்தத் தயக்கத்துக்குள் ஒரு நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விடக்கூடும். “தெரியலை சிஸ்டர், ஒரு தடவை வந்து பாருங்க” என்று ஒரு மாணவியால் பயமில்லாமல் கூப்பிட முடிகிற வார்டில், ராத்திரி இரண்டு மணிக்கும் அந்த டிரெயினை யாராவது வந்து பார்க்கிறார்கள்.