விபத்தின் எண்ணும் சாரதியின் பொறுப்பும்

ஒரு செயலின் விளைவைக் கொண்டு அதைச் செய்தவனை மதிப்பிடலாமா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. பாரவண்டிச் சாரதிகளை வேலைக்கு அமர்த்துவதற்கும் மேற்பார்வை செய்வதற்கும் பாதுகாப்புத் தரவுகள் பயன்படும் இக்காலத்தில், அவ்வினா விரிவுரை மண்டபத்தை விட்டு வீதிக்கு வந்துள்ளது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதியை எடுத்துக்கொள்வோம். சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள், பிறீமா மாவாலை, ரோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை ஆகியவற்றிலிருந்து புறப்படும் பவுசர்களும் லொறிகளும் ஏ-6 வீதியை அடைந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகத் தெற்கே செல்கின்றன. கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானைகள் வீதியைக் கடக்கும். இவ்வழியிற் செல்லும் ஒரு லொறியில் ஜீபிஎஸ் கருவி பொருத்தப்படுகின்றது எனக் கொள்வோம். வேகத்தையும், சடுதியாகப் போட்ட பிரேக்கையும், கூர்மையான திருப்பத்தையும் அது பதிந்துகொள்ளும். இவற்றைத் திரட்டிச் சாரதிக்கு ஒரு புள்ளி இடப்படும். யானையைக் கண்டு பிரேக்கை அழுத்தி ஓர் உயிரையும் தன் உயிரையும் காத்தவருக்கும், தூக்கக் கலக்கத்திற் பிந்தி அழுத்தியவருக்கும் அக்கருவியிற் பதிவது ஒரே குறிதான்.

இதனால் இம்முறையை எடுத்த எடுப்பிலே பழித்தல் சரியன்று. 2025 மே 11 இல் கொத்மலை கெரண்டிஎல்லவிற் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீதியில் நடந்து செல்லும் பாடசாலைப் பிள்ளைக்கு, தன்னருகே விரையும் எண்ணெய்ப் பவுசரை ஓட்டுபவர் யார் என்பதில் நியாயமான அக்கறை உண்டு. அன்றியும், தரவு இல்லாத இடத்திற் சாரதிகள் எவ்வாறு தெரிவாகின்றனர்? 'நமக்குத் தெரிந்த பொடியன்' என்ற சிபாரிசினால். மூவினத்தவரும் வாழும் எமது மாவட்டத்தில் அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. எண்ணுக்கு ஊரும் தெரியாது, சமயமும் தெரியாது. அது ஒரு நன்மையே, சிறிய நன்மையுமன்று.

ஆயின் எண் எதைச் சொல்கின்றது? நூறு சாரதிகள் உள்ளனர். அனைவரும் ஒரே அளவு கவனமுடையவர். அவர்களுக்குள் நூறு சிறு விபத்துக்கள் முற்றிலும் தற்செயலாக நேர்கின்றன என வைத்துக்கொள்வோம். நிகழ்தகவுக் கணிதத்தின்படி ஏறக்குறைய 37 பேருக்கு ஒன்றும் நேராது. 37 பேருக்கு ஒவ்வொன்று. 18 பேருக்கு இரண்டு. எஞ்சிய 8 பேருக்கு மூன்றோ அதற்கு மேலோ நேரும். விபத்துக்களில் 63 வீதம் 26 பேரின் தலையில் விழும். கணக்கைப் பார்க்கும் முகாமையாளர் அந்த 26 பேரையும் 'ஆபத்தானவர்கள்' என்பார். அவர்களோ மற்றவரிலிருந்து எவ்வகையிலும் வேறுபட்டவரல்லர். 1919 இல் பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண்களின் விபத்துக்களை ஆராய்ந்த கிறீன்வூட், வூட்ஸ் என்போர், தற்செயலால் மட்டும் விளக்க முடியாத வேறுபாடு தொழிலாளரிடையே உண்டு என்றே கண்டனர். அதனை மறுக்க வேண்டியதில்லை. வேறுபாடு உண்டு என்பது வேறு. இரண்டு விபத்துக் கண்ட இந்த ஒருவர் அத்தகையவர் என்பது வேறு.

1976 இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாளர் அறத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு பற்றி எழுதியபோது, இருவருமே எடுத்தாண்ட உதாரணம் ஒரு லொறிச் சாரதியே. பிரேக்கைச் சோதிக்காது புறப்பட்ட இருவரில் ஒருவர் முன் ஒரு குழந்தை ஓடி வருகின்றது. மற்றவர் முன் எவரும் வரவில்லை. கவனயீனம் ஒன்றே, பழியோ ஒருவருக்கு மட்டும் என்பது நேகல் காட்டும் முரண். தவறே செய்யாத சாரதியும், வேடிக்கை பார்த்தவர் வருந்துவதினும் வேறான ஒரு வருத்தத்தைச் சுமப்பார் என்பது வில்லியம்ஸ் காண்பது. அவ்வருத்தம் அவரது மாண்பைக் காட்டுவது. ஆனால் அவர் தாமே சுமப்பதைப் பிறர் அவர் கணக்கில் எழுதிவைக்கலாமா?

திருவாரூர்த் தேர்க்காலிற் கன்று அகப்பட்ட கதையைத் தமிழர் அறிவர். இளவரசன் வேண்டுமென்று செய்தானல்லன். கன்று தானே புகுந்தது. சோழன் விளைவை மட்டுமே நோக்கினான். அத்தீர்ப்பை நாம் போற்றுவது அதன் நேர்மைக்காக என்பர். தன் மகனையே இழக்கத் துணிந்தமையாலன்றோ அது நேர்மையாயிற்று! பிறன் மகன் மீது அதே தீர்ப்பை விதித்து, தான் அரண்மனையில் உறங்கியிருப்பின் அவனை மனுநீதி கண்டவன் என்போமா? லொறிச் சாரதியின் புள்ளியைக் கணிப்பவர் அத்தீர்ப்பில் எதையும் இழப்பதில்லை என்பதே எனக்கு உறுத்துவது.

அமெரிக்காவில் இது நடைமுறையிலேயே வெளிப்பட்டது. அந்நாட்டு மோட்டார் வாகனப் பாதுகாப்பு நிர்வாகம் 2010 இல் தொடங்கிய அளவீட்டு முறை, விபத்து எவர் பிழையால் நேர்ந்தது எனப் பாராது லொறிக் கம்பனிகளின் கணக்கிற் சேர்த்தது. சிவப்பு விளக்கில் நின்ற லொறியைப் பின்னால் வந்த கார் மோதினாலும் கணக்கு ஒன்றே. கம்பனிகள் முறையிட்டன. 2015 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றினால் அப்புள்ளிகள் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீக்கப்பட்டன. தவிர்க்க முடியாத விபத்துக்களை வேறாகக் குறிக்கும் ஏற்பாடு 2017 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 2020 இல் நிலைபெற்றது. கம்பனிகள் தம்மீது எண்ணின் அநீதி விழுந்தபோது அதை உடனே உணர்ந்தன. முறையிட வழியும் செல்வாக்கும் அவற்றுக்கு இருந்தன.

பயணமொன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒரு சாரதிக்கு அவ்வழி எது? தன் பெயருக்கெதிரே எழுதப்பட்டதை வாசிக்கவும், மறுக்கவும், மறுப்பை வேறொருவர் கேட்கவும் அவருக்கு உரிமை இல்லாதவரை, அப்புள்ளியைக் கொண்டு அவரை வேலையிலிருந்து நீக்குவதை நியாயம் எனக் கொள்வதற்கில்லை. எச்சரிக்கவும் பயிற்றவும் அது போதும். சோற்றைப் பறிக்கப் போதாது.

இன்னுமொன்று. அக்கருவி வண்டி ஓடிய வேகத்தை மட்டுமன்றி, நின்ற நேரத்தையும் பதிகின்றது. பொருள் ஏற்றும் வரிசையில் எத்தனை மணிநேரம் காத்திருந்தார், எத்தனை மணிக்குப் புறப்பட்டார், விடியுமுன் கொழும்பை அடைய வேண்டுமென நேரம் குறித்தவர் எவர் என்பவற்றைக் கண்டறிவது கடினமன்று. ஹபரணைக் காட்டில் அதிகாலை மூன்று மணிக்கு அழுத்தப்பட்ட அந்தப் பிரேக்கை எவருடைய கோவையிற் பதிவது?