நிலையாத உடலும் நாள்தோறும் நடையும்

உடல் நிலையற்றது என்று உணர்ந்த ஒருவர் அதனை முயன்று பேணுவது முரண் ஆகாதா என்னும் வினா சைவ மரபில் பழமையானது. திருமந்திரத்தின் முதல் தந்திரம் யாக்கை நிலையாமையைப் பேசுகிறது. அதே நூலின் மூன்றாம் தந்திரத்திலோ காயசித்தி உபாயம், அதாவது உடலை உறுதிப்படுத்தும் வழி, தனிப் பகுதியாகவே அமைந்துள்ளது. முதலதைத் துறவிக்கும் பின்னதை யோகிக்கும் பங்கிட்டுவிடுவது எளிதெனினும், முதுமையில் இரத்தக் குழாய்களுக்கு நேர்வதை அறிந்தவர்க்கு அவ்விரண்டும் ஒரே உண்மையின் இரு கூறுகளாகவே தோன்றும்.

குழாயின் உட்புறத்தை எண்டோதீலியம் எனப்படும் ஒற்றை உயிரணு அடுக்கு போர்த்தியிருக்கிறது. இரத்தம் உரசி ஓடும்போது இவ்வடுக்கு நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரக்க, அது குழாய்ச்சுவரின் தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கிறது. இவ்வுண்மையை வெளிப்படுத்திய ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவரும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அவ்வாயு சில நொடிகளுக்குமேல் நிலைப்பதில்லை. ஆகவே குழாயின் நெகிழ்வு சேர்த்துவைத்த செல்வமன்று, நொடிதோறும் புதிதாக ஆக்கப்படுவது. நிலையாமை என்னும் சொல்லுக்கு இதைவிட நுண்ணிய உரை கிடைப்பது அரிது.

முதுமையில் அச்சுரப்பு குறைகிறது. சுவருக்கு மீள்திறன் தரும் எலாஸ்டின் இழைகள் நைந்து, விறைப்பைத் தரும் கொலாஜன் பெருகுவதால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கடினமான குழாயை எதிர்த்து உழைக்க நேர்கிறது. எனினும் இத்தளர்ச்சி முழுவதும் வயதின் செயலன்று. அமெரிக்காவின் கொலராடோவில் நடத்தப்பட்டு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகளில், உடலுழைப்பின்றி இருந்த நடுவயதினரும் முதியோருமான ஆண்கள் மூன்று மாதம் முறையாக நடந்தபின், அவர்களுடைய குழாய்களின் விரிதிறன் தேறியது. நடக்கும்போது விரைந்தோடும் இரத்தம் உட்படலத்தை மிகுதியாக உரசி, அது மறந்துவந்த தொழிலை மீண்டும் பயிற்றுகிறது என்பதே இதன் காரணம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இப்பயன் அவ்வளவு சீராகக் காணப்படவில்லை என்பதையும், நைந்த எலாஸ்டினை எந்தப் பயிற்சியும் முழுமையாகப் புதுப்பிப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முயற்சிக்கு இடமுண்டு, எல்லையும் உண்டு.

சைவ சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் என்று உடல், உட்கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் உயிர் பக்குவமடைவதற்காக இறைவனால் தரப்பட்டவை என்று கொள்கிறது. அவ்வாறு தரப்பட்ட கருவியைத் துருப்பிடிக்க விடுவதைத் துறவு என்று அழைப்பது பிழை. பற்றின்மை உடலைத் தனதென்று கருதாதிருப்பதைக் கேட்கிறதே அன்றி, அதனைப் புறக்கணிப்பதைக் கேட்கவில்லை. நாள்தோறும் நடக்கும் முதியவர் நிலையாமையை மறுப்பவரல்லர், அதனை நன்கு அறிந்தே நடப்பவர். பல நாள் நடையால் குழாய்கள் பெற்ற நெகிழ்வும், நடையை நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது.