திருத்தியவரின் கையெழுத்து

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் ஒரு பொம்மை உருவாவதைப் பொறுமையாக அமர்ந்து பார்த்தவர்க்கு, அச்சு செய்யும் வேலை எவ்வளவு, கை செய்யும் வேலை எவ்வளவு என்பது விளங்கும். குழம்பாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றுகிறார்கள்; அச்சின் சுவர் நீரை உறிஞ்ச, மண் ஓடுபோல் படிகிறது; மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டு அச்சின் இரு பாதிகளையும் பிரித்தால், பொம்மையின் விலாவில் தழும்புபோல ஒரு மூட்டுக்கோடு ஓடியிருக்கும். அதைச் சிறுகத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, கழுத்தோரம் விரல் வைத்துப் பார்த்து, இது இன்னும் ஒரு நாள் காயட்டும் என்று ஒதுக்கி வைக்கிறார் ஒரு பெண். காயாத மண் சூளைக்குள் போனால் வெடிக்கும். யாருடைய அவசரம் அது என்பது சூளையைத் திறக்கும் நாளில்தான் தெரியவரும். அச்சு வந்ததால் வேலை விரைவாயிற்று. வெடிப்புக்குப் பதில் சொல்லும் கடமை மட்டும் அச்சிடம் போய்ச் சேரவில்லை.

இன்று ஆசிரியர் கையிலும் ஓர் அச்சு வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்னும் அக்கருவி வினாத்தாள் வகுத்துத் தருகிறது, பாடக்குறிப்பு எழுதித் தருகிறது, பிள்ளையின் விடையைப் படித்து மதிப்பெண்ணும் சொல்லிவிடுகிறது. இதற்கு ஆசிரியர் சங்கங்கள் எவ்வாறு முகம் கொடுப்பது என்று கேட்டால், வேலை போய்விடுமோ என்ற அச்சத்திலிருந்தே பலரும் பேசத் தொடங்குகிறார்கள். அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும் சங்கம் முதலில் காக்க வேண்டியது வேறொன்று என்பது என் துணிபு: ஒரு மாணவரைப் பற்றியோ ஓர் ஆசிரியரைப் பற்றியோ எழுதப்படும் எந்த முடிவின் கீழும், கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் கையெழுத்து இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஆசிரியர் சங்கம் ஏறத்தாழ இதற்காகவே வழக்காடியது. மாணவரின் தேர்வு முடிவுகளைக் கொண்டு ஆசிரியரின் திறமையை ஓர் எண்ணாக வடித்துத் தரும் கணிப்பு முறையை அந்நகரப் பள்ளி நிர்வாகம் கையாண்டது. அந்த எண்ணை வைத்து வேலையிலிருந்து நீக்கவும் முடியும். எண் எப்படி வந்தது என்று கேட்டவர்க்கு, அது தனியார் நிறுவனத்தின் தொழில் மறைபொருள் என்பதே விடையாயிற்று. 2014இல் சங்கம் நீதிமன்றம் சென்றது. தன்மீது சுமத்தப்பட்ட எண் சரியா என்று பார்க்கவே வழியில்லாத ஆசிரியரின் முறையீடு விசாரணைக்கு உரியதே என்று 2017 மே மாதம் நீதிபதி ஏற்றார்; சரிபார்க்க இயலாத எண்ணைக் கொண்டு எவரையும் நீக்குவதில்லை என்று நிர்வாகம் அவ்வாண்டே உடன்பட்டது. கணக்கு ஆசிரியர் நாள்தோறும் கரும்பலகை முன் கேட்பதையே அச்சங்கமும் கேட்டது: விடை மட்டும் போதாது, வழியைக் காட்டு.

நம் நாட்டுக்கும் இந்தக் கவலை புதிதன்று. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கணினியைக் கல்கத்தா ஊழியர்கள் எதிர்த்துப் போராடினர். 1983இல் வங்கி ஊழியர் சங்கங்கள் நிர்வாகத்தோடு அமர்ந்து, எந்திரம் எந்த வேலைக்கு எந்த அளவில் வரலாம் என்று ஒப்பந்தம் எழுதின. ஆள்குறைப்பு நேரக்கூடிய மாற்றத்துக்கு முன் 21 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்று தொழில் தகராறுச் சட்டத்தில் 1956இல் ஒரு பிரிவு சேர்ந்தது. ஆனால் ஆசிரியர் அச்சட்டம் கூறும் தொழிலாளர் அல்லர் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், அந்த 21 நாளும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. வேலைநிறுத்தத்தின் விலையோ 2003இல் தெரிந்தது: அவ்வாண்டு சூலையில் தமிழ்நாட்டின் அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். சட்டம் தாங்காத இடத்தில் சங்கத்தைத் தாங்குவது ஊராரின் நம்பிக்கை ஒன்றே.

அந்த நம்பிக்கை கேட்டுப் பெறுவதன்று. தன் உறுப்பினரிடம் கண்டிப்பாயிருக்கும் சங்கத்துக்கே அது கிட்டும். கருவி திருத்திய விடைத்தாளைத் தாம் ஒருமுறையும் புரட்டாமல் கையெழுத்திடும் ஆசிரியரைச் சங்கம் பரிந்து காத்தால், நாளை ஆசிரியரே எதற்கு என்று கேட்பவர்க்கு அதனிடம் சொல் இருக்காது. இன்னொன்றையும் நிர்வாகத்திடம் எழுதி வாங்க வேண்டும்: கருவியால் மிஞ்சும் நேரம் யாருக்கு? எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தின் பதிவேற்றத்துக்கே பொழுது சரியாகிறது என்று ஆசிரியர் அறைகளில் எழும் பெருமூச்சைக் கேட்டவர்க்கு, மிஞ்சிய ஒரு மணி நேரமும் இன்னொரு படிவத்துக்குப் போய்விடும் என்று எண்ணத் தோன்றும். அது பின்வரிசைப் பிள்ளைக்குப் போக வேண்டும்.

கருவியைக் கற்காமல் அதன்மேல் காவல் நிற்கவும் இயலாது. கேரளம் 2024 மே மாதம் தன் அரசு நிறுவனத்தின் வழியே 80,000 ஆசிரியர்க்குப் பயிற்சி தொடங்கியது. அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்போ 2025இல் மைக்ரோசாஃப்ட், ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் ஆகிய நிறுவனங்கள் தரும் 2.3 கோடி டாலரைக் கொண்டு பயிற்சிக் கழகம் அமைக்க முன்வந்தது. கற்பது நன்று, விற்பவரிடமே கற்கும்போது கைப்பையை இறுகப் பிடித்துக்கொள்வது அதனினும் நன்று.

எனக்குத் தெரிந்த முதிய ஆசிரியர் ஒருவர் தம் இளமையில் நடந்ததைச் சொல்வார். ஆண்டுத் தேர்வில் ஒரு பையனின் கடைசிப் பக்கத்து 6 மதிப்பெண்களைக் கூட்ட மறந்துவிட்டார். பையன் தோற்றுப் போனான். முடிவு ஒட்டிய அன்று இரவு அது நினைவில் தட்டி, விடியும்வரை உறங்காதிருந்து, வெளிச்சம் வந்ததும் நடந்தே அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். தகப்பனார் வாசலில் மண் மிதித்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, பையன் தேறிவிட்டான் என்றார் இவர். அவர் மண்ணிலிருந்து காலை எடுக்காமலே வீட்டைப் பார்த்து, “டேய், வாத்தியார் வந்திருக்கார், எழுந்து வா” என்று குரல் கொடுத்தாராம்.