மாறுகண்ணும் இரணசிகிச்சையும்

மாறுகண் உடையார் ஒருவர், வயது வந்தபின் அதனை இரணசிகிச்சையால் நேராக்கிக்கொள்ள விழைதல் உடற்பற்றின்பாற் படுமோ என்னும் வினா, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்திற்கு அணித்தாக வாழும் அன்பர் ஒருவரால் நம்மிடத்து விடுக்கப்பட்டது. அவர் சிறார்க்குத் திருமுறை ஓதுவிப்பவர். ஒருவனை நோக்கி அவர் வினவ, அடுத்திருப்பவன் விடை பகர்கின்றனனாம். ஊரார் இட்ட ‘ஒன்றரைக்கண்’ என்னும் ஏளனப் பெயரை நாற்பதாண்டு பொறுத்த அவர்க்கு இஃதொன்று பொறுத்தற்கரிதாயிற்று.

மருத்துவ நூலார் கூறுவதனை முதற்கண் அறிதல் வேண்டும். ஒவ்வொரு விழியையும் இயக்குவன ஆறு தசைகள். அவற்றுள் வேண்டுவனவற்றைத் தளர்த்தியும் இறுக்கியும் விழியை நேர்நிறுத்துதல், பெர்லின் நகரத்து டீபன்பாக் என்பார் 1839-இல் செய்துகாட்டியது முதல் வழங்கி வருகின்றது. ஆயின், விழி நேராதல் வேறு. பார்வை மீளுதல் வேறு. குழவிப் பருவத்தே இரு விழியும் ஒரு பொருள்மேற் செல்லாவிடின், காட்சி இரண்டாய் மயங்காதவாறு மூளை ஒன்றன் காட்சியைத் தள்ளிவிடுகின்றது. நாளடைவில் அக்கண் மந்தமுறுகின்றது. விழியைச் சோதிப்பின் பழுதொன்றும் புலப்படாது. ஹியூபெல், வீசெல் என்பார் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இளமையில் மூடிவைத்து இத்தகைய நிலையை ஆராய்ந்தனர். பார்வை பற்றிய ஆராய்ச்சிக்காக 1981-இல் நோபெல் பரிசிற் பங்கும் பெற்றனர். நற்கண்ணை மறைத்து மந்தக்கண்ணைப் பழக்குதல் சிறுவர்க்குப் பெரிதும் பயன்படும். வளர்ந்தார்க்கு அத்துணைப் பயன்படாது.

கண் தானே காணாது, உயிர் நின்று காட்டவே காணும் என்பது நம்மனோர் பன்முறை ஓதியுணர்ந்தது. பழுதில்லாத கண்ணும் உள்நின்று ஏற்பதொன்றின்றேற் குருடாம் என்பதற்கு மந்தக்கண் நல்லதோர் உவமை. உவமையளவே கொள்க, மூளையை உயிரெனக் கொள்வார் நம்மோடு வழக்கிடுவாராக.

இனி, அன்பரின் உறவினர் சிலர், பிராரத்தத்தால் வந்ததை நுகர்ந்தே கழித்தல் வேண்டும், கத்தியால் விலக்குதல் தகாது என்கின்றனர். இங்ஙனம் கூறுவாருள்ளும் பலர் மூக்குக்கண்ணாடி அணிந்தே கூறுகின்றனர்! தனு கரணங்கள் உயிர்க்கு இறைவன் தந்த கருவிகளாயின், கருவியைச் செப்பம் செய்தல் தந்தவனுக்கு மாறாகாது. மருத்துவனும் மருந்தும் வந்து வாய்த்தலும் வினைப்பயனே அன்றோ?

மற்றொரு தடையே வலியது. பார்வை மீளாது, தோற்றம் மட்டுமே திருந்துமெனின், அதன்பொருட்டு உடலை அறுத்துக்கொள்ளுதல் அழகின்மேல் வைத்த ஆசையன்றி வேறென்னை என்பர். கண் காண்டற்கு மட்டுமன்று, நோக்குதற்கும் உரியது என்பது நம் விடை. ஆசிரியன் நோக்கினாலே மாணாக்கனைத் திருத்தும் நயன தீக்கையைத் தீக்கை வகையுள் ஒன்றாக வைத்தனர் நம் முன்னோர். தன் நோக்கம் மாணாக்கனைச் சென்று சேர்தல் வேண்டுமென ஓதுவிப்பார் ஒருவர் விழைவதனை வீண் அலங்காரமென்று தள்ள நம் மனம் ஒருப்படவில்லை. நம்பியாரூரர் கச்சியில் ஒரு கண் பெற்றபின்னும், இது போதுமென்று அமைந்தாரல்லர். ஆரூரில் மற்றைக் கண்ணும் வேண்டிப் பெற்றார். அவரை உடற்பற்றுடையாரென எவரும் கூறத் துணியார்.

அன்பர் வாழும் இடத்திலேயே மற்றுமோர் எடுத்துக்காட்டுண்டு. ரமண மகரிஷிகளின் இடக்கையிற் கட்டி தோன்ற, 1949-ஆம் ஆண்டில் நான்கு முறை இரணசிகிச்சை நிகழ்ந்தது. அவர் இசைந்தார், கையையே வெட்டுதல் வேண்டுமென்றபோது இசைந்திலர். அவர் நெறி நம் நெறியன்றெனினும், சிகிச்சை முழுதும் கொள்ளத்தக்கது, முழுதும் தள்ளத்தக்கது என்னும் இரண்டனுள் ஒன்றில் அவர் நின்றாரல்லர் என்பது கருதத்தக்கது.

நாணத்தினாலே செய்துகொள்வதாயின் நாம் உடன்படோம். அவர் நாள்தோறும் காணும் மலையில் விரூபாட்ச குகை உளது. விரூபாட்சன் என்பது ஒழுங்கல்லாத கண்ணுடையான் எனப் பொருள்பட்டுச் சிவபெருமானுக்கே உரிய திருநாமம். இதனைக் கேட்டு அன்பர் நகைத்தார். ஆயினும் தம் மாணாக்கரைப் பற்றிய கவலை நீங்கினாரல்லர். அது நாணமன்றென்று தெளிந்தோம். விழியை நேராக்கியபின் வளர்ந்தார் சிலர்க்கு ஒருபொருள் இரண்டாய்த் தோன்றுதல் உண்டென்றும், அது நேருமோ என்பதனை முப்பட்டைக் கண்ணாடி வைத்து ஒருவாறு முன்னரே அறியலாமென்றும் கூறுவர். அச்சோதனையை முதலிற் செய்துகொண்டு, பின்னர் நாட்குறிக்குமாறு அவர்க்குச் சொல்லியனுப்பினோம்.