நோன்பாளியின் வாய்

நோன்பு வைத்தவரின் வாய்வாடை அல்லாஹ்விடத்தில் கஸ்தூரியைவிட மணமானது என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதாக புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. அப்படியானால் அந்த வாடையைப் போக்கலாமா, கூடாதா? ஒவ்வொரு ரமலானிலும் நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னதும் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும்.

நான் பரமக்குடிக்காரி. ராவுத்தர் வீட்டுப் பெண், ஹனஃபி. மாமியாருக்குக் கீழக்கரை, மரைக்காயர் குடும்பம், ஷாஃபி. எங்கள் மாவட்டத்தில் உள்பகுதிக்கும் கடற்கரைக்கும் இந்த மத்ஹப் (சட்டவழி) வித்தியாசம் பழையது. ஹனஃபியில் நோன்பு நாள் முழுக்க மிஸ்வாக் செய்யலாம், அதாவது குச்சியால் பல் துலக்கலாம். ஷாஃபியில் உச்சி சாய்ந்தபின் அது மக்ரூஹ். பாவமில்லை, ஆனால் விட்டுவிடுவது நல்லது. மாமி விடியலுக்கு முன் சஹருக்கு எழுந்ததும் உகாக் குச்சியின் தேய்ந்த நுனியை நறுக்கித் தள்ளிவிட்டு, புது நுனியை மென்று தும்பாக்கி வைத்துக்கொள்வார்கள். காலையெல்லாம் அது கையிலேயே இருக்கும். பாங்கு கேட்டதும் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள்.

“அல்லாஹ்வுக்குப் புடிச்ச வாசத்த நான் ஏன் புள்ள தேச்சுக் கழிக்கணும்?”

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. கி.பி. 625இல் உஹதுப் போரில் ஷஹீதானவர்களை ரத்தத்தைக் கழுவாமலே அடக்கினார்கள். மறுமையில் அந்த ரத்தம் கஸ்தூரியாய் மணக்கும் என்பது நபிமொழி. வணக்கத்தில் பட்ட தடத்தைத் துடைக்காதே என்று அதை நோன்பாளியின் வாய்க்கும் பொருத்திப் பார்த்தார்கள் ஷாஃபி அறிஞர்கள். மாமி அந்தக் கிதாபுகளைப் படித்ததில்லை, ஆனால் அந்த நியாயம் அவர்கள் மனசில் ஊறியிருக்கிறது.

எனக்கு வேறொரு கவலை. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். ரமலான் மாதத்துப் பிற்பகலில் ஒரு சிறுமியின் நோட்டைத் திருத்தக் குனிந்தபோது அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தலையை லேசாகப் பின்னுக்கு இழுத்தாள். டீச்சர் மனசு நோகக் கூடாதென்று பார்வையை மட்டும் நோட்டிலேயே வைத்திருந்தாள். நோன்பு வைத்தது நான். அந்தக் குழந்தை எதற்குச் சகிக்க வேண்டும்? பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்றவர் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று சொன்னவரும் அதே நபிதான். மனிதருக்குத் தொல்லை தருவது மலக்குகளுக்கும் தொல்லை என்று காரணமும் சொன்னார்கள். பக்கத்தில் தொழுகிறவரின் மூக்கை இவ்வளவு மதித்த மார்க்கம் நோன்பாளிக்கு மட்டும் வாயைக் கவனிக்காமலிருக்கச் சலுகை கொடுத்திருக்குமா?

வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் தெளிகிறது. தண்ணீர் குடிக்காததால் எச்சில் சுரப்பு குறைகிறது. நாக்கின் பின்பகுதியிலும் பல் இடுக்கிலும் காற்றுப் படாமல் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். இன்னொன்று, நேரம் ஆக ஆக உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது உண்டாகும் அசிட்டோன். அது ரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து மூச்சில் சிறிதளவு கலக்கிறது. முதலாவது துலக்கினால் குறையும். இரண்டாவதை எந்தக் குச்சியும் பிரஷும் தொட முடியாது. நோன்பின் வாடை காலி வயிற்றிலிருந்து வருவது, மிஸ்வாக்கால் அது போகாது என்று ஷாஃபிகளுக்கு மறுப்புச் சொன்னவர்கள் அன்றே வாதாடியிருக்கிறார்கள். அசிட்டோனை அறியாத காலத்தில் எவ்வளவு நுட்பமான பேச்சு! ஷாஃபி மத்ஹபின் தூண்களில் ஒருவரான இமாம் நவவியே தம் ‘மஜ்மூஃ’ நூலில், உச்சிக்குப் பிறகும் மக்ரூஹ் இல்லை என்ற கருத்தைத்தான் தேர்ந்துகொண்டார்.

ஆக, கடவுள் விரும்புவது பட்டினியை, ஊத்தையை அல்ல. வகுப்பில் கண்ணப்பர் கதையை நடத்தும்போதெல்லாம் இதுதான் எனக்குத் தோன்றும். வாயில் முகந்து வந்த நீரால் லிங்கத்தை நீராட்டிய வேடனைச் சிவன் ஏற்றார் என்கிறார் சேக்கிழார். ஆனால் அதற்காக மறுநாளும் தூய நீர் கொண்டுவந்த அர்ச்சகர் சிவகோசரியாரின் பூசையைத் தள்ளிவிடவில்லை.

மாமியும் நானும் இப்போது ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். சஹர் சாப்பாட்டில் பூண்டு, பச்சை வெங்காயம் கிடையாது. நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிப்பது. சஹருக்குப் பின் பல் துலக்கி, நாக்கு வழிப்பானால் உள்நாக்குப் பக்கம்வரை படிவை எடுப்பது. மாமியின் பல் செட்டை ராத்திரியில் கழற்றி, தேய்த்து, தண்ணீரில் போடுவது என் வேலை. ஈறில் ரத்தம் கசிந்ததை ரமலானுக்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்துவிட்டோம். லுஹருக்குப் பிறகு குச்சி கிடையாது. ஆனால் தொழுகைக்கு முன் ஒளூ செய்யும்போது வாய் கொப்பளிப்பது பிற்பகல் அஸர் தொழுகைக்கும் உண்டு, அதை இரண்டு மத்ஹபும் தடுக்கவில்லை. மாமிக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்: மூச்சில் பழ வாசம் அடித்து, வாந்தியும் தளர்ச்சியும் வந்தால் உடனே நோன்பை முறித்துவிட்டு ஆஸ்பத்திரி. நோயாளிக்குக் குர்ஆனே விலக்கு கொடுத்திருக்கிறது.

ஒன்று மட்டும் தீரவில்லை. நோன்பாளியின் வாய்க்குச் சொன்ன கஸ்தூரி மணம் இங்கேயே உண்டா, மறுமையின் கியாமத் நாளிலா என்று 13ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸில் இப்னுஸ் ஸலாஹும் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாமும் வாதிட்டார்கள். இரண்டுபேரும் ஷாஃபிகள். இம்மையிலும் உண்டு என்றார் முன்னவர். மறுமையில்தான் என்றார் பின்னவர். மாமி முன்னவர் பக்கம். நான் இஸ்ஸுத்தீன் பக்கம்.