உபசாரப் போட்டி

மனிதர்கள் எதில்தான் போட்டியிடவில்லை? பணத்தில் போட்டி, பதவியில் போட்டி, புகழில் போட்டி. கோயில் திருவிழாவில் வாணவேடிக்கை விடுவதில்கூடப் பக்கத்து ஊரோடு போட்டி. இவற்றையெல்லாம் பார்த்துப் பழகிவிட்ட நமக்கும் ஒரு போட்டி மட்டும் சற்றுப் புதுமையாகத் தோன்றும். முன்பின் தெரியாத வழிப்போக்கனை வரவேற்பதில் போட்டி. அவனுடைய களைப்பைத் தீர்த்து, பொழுதை இனிமையாகப் போக்கி அனுப்புவதில் போட்டி. உலகத்தின் பெரிய விமான நிலையங்கள் பல ஆண்டுகளாக இந்தப் போட்டியில்தான் மும்முரமாக ஈடுபட்டிருக்கின்றன.

தென் கொரியாவில் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இன்ச்சான் விமான நிலையம், பிரயாணிகளைக் கேட்டறிந்து தயாரிக்கப்படும் ஒரு பட்டியலில் 2005 முதல் 12 ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றது. லண்டனிலிருந்து வெளியாகும் வேறொரு பட்டியலில் சிங்கப்பூரின் சாங்கி நிலையம் 2013 முதல் 2020 வரை விடாமல் முதலிடத்தில் இருந்தது. 2021லும் 2022லும் கத்தார் நாட்டின் தோஹா அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டது. 2023ல் மறுபடியும் சாங்கி, 2024ல் தோஹா, 2025ல் சாங்கி. இரண்டு சம்பந்தி வீட்டார் மாறி மாறிச் சீர் செய்து ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பது போல இருக்கிறது அல்லவா?

சீர்வரிசையும் சாமானியமானதல்ல. சாங்கியில் வண்ணத்துப் பூச்சிகளுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. 2019ல் அதன் பக்கத்தில் எழுப்பிய கண்ணாடி மாளிகைக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி விழுகிறது. கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகத்திலேயே உயரமானது அதுதான். ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில், அந்நாட்டின் புகழ் பெற்ற ஓவியக் கூடம் 2002ல் தன் கிளை ஒன்றைத் திறந்தது. சான்பிரான்சிஸ்கோவில் பிரயாணிகளின் படபடப்பைத் தணிக்க, பழக்கப்பட்ட நாய்களை 2013 முதல் அழைத்து வருகிறார்கள். தடவிக் கொடுத்தால் மனம் அமைதி அடையுமாம். கழிவறையை விட்டு வெளியே வந்தால், சிரிக்கிற முகமும் சிணுங்குகிற முகமும் வரைந்த ஒரு திரை, 'எப்படி இருந்தது?' என்று கேட்கிறது. நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பவர்கூட இவ்வளவு கரிசனத்தோடு கேட்டதில்லை.

எதற்காக இவ்வளவும்? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்த விமானங்களுக்கு அட்லாண்டிக் சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டும் சக்தி போதவில்லை. சமுத்திரத்தின் இந்தக் கரையில் அயர்லாந்தின் ஷானனிலும், அந்தக் கரையில் நியூபவுண்ட்லாந்தின் கேண்டரிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகும். இறங்கியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்கு வரி இல்லாமல் பொருள் விற்றால் என்ன என்று யோசித்து, 1947ல் ஷானனில் ஒரு கடை வைத்தார்கள். உலகத்தின் முதல் வரியில்லாத விமான நிலையக் கடை அதுதான். பிறகு நெடுந்தூரம் பறக்கும் ஜெட் விமானங்கள் வந்தன. ஷானனிலும் கேண்டரிலும் நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது. அவசியம் இருந்தவரையில் பிரயாணி தானாக வந்தான். அவசியம் நீங்கியதும் அவனை வருந்தி அழைக்க வேண்டியதாயிற்று.

இன்றைய போட்டியின் சூட்சுமமும் இதுவே. லண்டனிலிருந்து சிட்னிக்குப் போகிறவர் சிங்கப்பூரில் மாறலாம், துபாயில் மாறலாம், தோஹாவில் மாறலாம். அவர் எங்கே இறங்குகிறாரோ அங்கே விமானக் கம்பெனி பிழைக்கிறது, கடை பிழைக்கிறது, அந்த நாட்டின் பெயரும் பிழைக்கிறது. பரிசோதனைகளை வேகமாக முடித்து, மனம் குளிர அவரை உள்ளே விட்டால், மிச்சமாகும் நேரத்தில் இரண்டு கடைகளை எட்டிப் பார்ப்பார். ஆகவே, அந்த அருவி தர்மத்துக்கு விழும் அருவி அல்ல.

இப்போது என் மனத்தை நெருடும் கேள்விக்கு வருகிறேன். ஆதாயம் கருதிச் செய்யும் உபசாரம் உபசாரம்தானா? பரிசுக்காகப் புன்னகை செய்தால் அது புன்னகையா, வேஷமா?

'வேஷம்தான்' என்று சட்டென்று தீர்ப்புக் கூறிவிடுவது சுலபம். நான் அப்படிக் கூறமாட்டேன். கைக்குழந்தையோடு எட்டு மணி நேரம் பறந்து வந்து இறங்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். பால் புகட்ட ஒதுக்குப்புறமான, சுத்தமான ஓர் அறை அவளுக்குக் கிடைக்கிறது. அது யாருடைய கருணையில் பிறந்தது, யாருடைய கணக்குப் புத்தகத்தில் பிறந்தது என்று அவள் ஆராய்ந்துகொண்டிருப்பாளா? குழந்தையின் பசி தீர்ந்தது. அவளுக்கு அது போதும். சம்பளம் வாங்குகிறாள் என்பதற்காக, ஆஸ்பத்திரி நர்ஸ் நெற்றியில் வைக்கும் கை பொய்யாகி விடுவதில்லை. மேலும், நல்ல காரியத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்த நோக்கத்தோடு தொடங்கினாலும், செய்யச் செய்ய அது கையோடு பழகி, மெல்ல உள்ளத்துக்குள்ளும் இறங்கிவிடும். போட்டி மனிதனை நல்லவனாக்காமல் போகலாம். நல்லவனைப் போல நடந்துகொள்ளப் பழக்குகிறது. அதுவே பெரிய லாபம்.

ஆனால், போட்டியின் கண்ணில் ஒரு குறை இருக்கிறது. அது திருப்தியைப் பார்க்கிறதே தவிர, நன்மையைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் விமான நிலையத்தைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். பெட்டிகள் வரத் தாமதமாகிறது என்று பிரயாணிகள் ஓயாமல் முறையிட்டார்களாம். ஆட்களை அதிகப்படுத்திக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தும் முணுமுணுப்பு நிற்கவில்லை. கடைசியில், பெட்டி வரும் இடத்தை, விமானம் வந்து நிற்கும் வாசலிலிருந்து வெகு தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜனங்கள் நடந்து போய்ச் சேரும்போது பெட்டியும் வந்துவிட்டது. புகார் ஏறக்குறைய நின்றே போயிற்று! பெட்டி முன்னைவிடச் சீக்கிரம் வரவில்லை. காத்திருப்பது நடையாக மாறியது, அவ்வளவுதான். இதில் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. கேட்டுச் சிரிக்கவும் செய்யலாம். என்றாலும், மனிதனுடைய சௌகரியத்துக்கும், சௌகரியமாக இருக்கிறோம் என்ற அவனுடைய நினைப்புக்கும் நடுவே இடைவெளி உண்டு என்பதையும், போட்டி எந்தப் பக்கம் சாயும் என்பதையும் இந்தக் கதை காட்டிக் கொடுக்கிறது.

இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. வேறு இடம் தேடிப் போகக்கூடியவனைத்தான் போட்டி உபசரிக்கும். போக்கிடம் இல்லாதவனை அதன் கண்ணுக்குத் தெரியாது. நடக்க முடியாதவர்களுக்கு விமான நிலையத்தில் இலவசமாக உதவி செய்தாக வேண்டும் என்ற ஏற்பாடு ஐரோப்பாவில் 2008ல் முழுமையாக அமலுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது போட்டி அல்ல, சட்டம். ஓடுபாதையிலேயே நின்றுவிட்ட விமானத்துக்குள் ஜனங்களை மணிக்கணக்காக அடைத்து வைக்கக் கூடாது, உள்நாட்டுப் பிரயாணமானால் 3 மணி நேரத்துக்குள் இறங்க வழி விட வேண்டும் என்று அமெரிக்காவில் 2010ல் விதி செய்தார்களே, அதுவும் சட்டம்தான். அருவியைக் கொண்டுவரப் போட்டியால் முடிந்தது. அடைபட்டவனுக்குக் கதவைத் திறக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது.

ஒரு முறை வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில், நள்ளிரவில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தேன். நம் பக்கத்துப் பையன் ஒருவன், முதல் தடவையாக வேலைக்குப் போகிறவன் போலிருக்கிறது, கையில் சீட்டோடு இப்படியும் அப்படியும் அலைந்துகொண்டிருந்தான். அவன் ஏற வேண்டிய வாசலை மாற்றிவிட்டார்கள். ஒலிபெருக்கி பேசிய இரண்டு பாஷைகளும் அவனுக்குப் புரியவில்லை. நான் எழுந்து செல்வதற்குள், தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவனுடைய சீட்டை வாங்கிப் பார்த்தாள். கையைக் காட்டி ஏதோ சொன்னாள். அவனுக்கு விளங்கவில்லை என்று கண்டதும், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவனோடு நடந்தாள். சுமார் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்தப் பையனுடைய டிக்கெட்டை யாரோ ஓர் ஏஜெண்டு வாங்கிக் கொடுத்திருப்பார். எந்த ஊர் வழியாகப் போவது என்பதை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. இனியும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. அவளுடைய அந்தப் பத்து நிமிஷத்தை எந்தப் பட்டியலும் எண்ணாது. சிரித்த முகமும் சிணுங்கிய முகமும் வரைந்த திரை ஒன்று அருகிலேயே இருந்தது. அது தரை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டது.

தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். மாமனும் மைத்துனனும் விருந்து அல்ல, அவர்கள் உறவு. புதிதாக வந்தவன்தான், யாரென்று தெரியாதவன்தான் விருந்து. அவனால் நமக்கு ஆக வேண்டியது என்ன என்ற கேள்விக்கே அந்தச் சொல்லில் இடம் இல்லை. விருந்தோம்பல் வேறு, வாடிக்கைக்காரரைத் திருப்திப்படுத்துவது வேறு என்பதை அந்த ஒரு சொல்லே நமக்குச் சொல்லிவிடுகிறது.

முன்னே சொன்ன கேண்டரை மறந்துவிடாதீர்கள். ஜெட் விமானங்கள் வந்தபின் உலகம் அதை ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. 2001 செப்டம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவின் மீது தாக்குதல் நடந்ததும், அந்நாட்டு வானம் மூடப்பட்டது. நடுவழியில் இருந்த 38 பிரயாணி விமானங்கள் கேண்டரில் வந்து இறங்கின. ஊரின் ஜனத்தொகை சுமார் 10,000. வந்து இறங்கியவர்கள் 6,500க்கும் மேல். பள்ளிக்கூடங்களும் மாதாகோயில்களும் தங்குமிடங்களாயின. வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த பள்ளி பஸ் டிரைவர்கள், அதை விட்டுவிட்டு வண்டியோட்ட வந்தார்கள். பனிச்சறுக்கு ஆடும் கூடத்தில் உணவுப் பொருள்களைக் கெடாமல் வைத்தார்கள். வீடுகளின் கதவுகள் திறந்தன. பல நாட்கள் ஊரே சமையற்கட்டாக இருந்தது. அங்கே அருவி இல்லை, வண்ணத்துப் பூச்சி இல்லை. வந்தவர்கள் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்து வரவில்லை. மறுபடி வருவார்கள் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. உபசாரம் மட்டும் இருந்தது.

கேண்டரைக் காட்டிச் சாங்கியை இகழ வேண்டும் என்பது என் எண்ணமல்ல. ஆண்டு முழுவதும், கோடிக்கணக்கானவர்களுக்கு, ஒரு நாளைப் போல மற்றொரு நாளும் குறைவின்றிச் சௌகரியம் செய்து தருவதற்குப் போட்டியும் வேண்டும், கணக்கும் வேண்டும். நெகிழ்ந்த உள்ளம் மட்டும் இருந்தால் கழிவறை சுத்தமாகிவிடாது. ஆனால், போட்டி எந்த இடத்தில் நின்றுவிடுகிறதோ, அந்த இடத்தில்தான் தர்மம் தொடங்க வேண்டியிருக்கிறது. நம்மை விட்டால் வேறு கதி இல்லாதவனை, நமக்கு ஒரு நாளும் கைம்மாறு செய்ய முடியாதவனை, நாம் எப்படி நடத்துகிறோம்? உபசாரத்துக்கு உரைகல் இந்த ஒரு கேள்விதான்.

இந்த உரைகல் விமான நிலையங்களுக்கு மட்டும் உரியதல்ல. நம் வீட்டு வாசலுக்கும் வருபவர்கள் இரண்டு வகை. காரியம் ஆக வேண்டிய அதிகாரி வந்தால் கூடத்தில் விசிறி சுழல்கிறது. வெள்ளி டம்ளரில் காப்பி வருகிறது. கிராமத்திலிருந்து துணிப்பையோடு வரும் தூரத்துப் பெரியம்மாவும் ஒரு நாள் அதே வாசலில் வந்து நிற்கிறாள். அவளுக்கும் தாகம் உண்டு.