நாய் கொன்ற கோழி யார் கணக்கில்?



மாட்டுங்கா லேபர் காம்பில் ஞாயிறு வந்தனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், செம்பூரிலிருந்து வந்திருந்த சகோதரர் ஒருவர் தயக்கத்தோடு நம்மை அணுகினார். அவர் வீட்டின் பின்புறத்தில் பத்தடிக்குப் பத்தடி மண்தரை உண்டு; அதில் ஆறு நாட்டுக்கோழிகளை வளர்த்து வந்தார். மழைக்காலத்தில் தெருவில் நனைந்து நடுங்கிய நாய்க்குட்டி ஒன்றை அவர் மகள் தூக்கிவந்து சோறூட்டினாள். குட்டி வளர்ந்து நாயாயிற்று. ஒருநாள் கோழியொன்றைக் கவ்விக் கொன்றது. அவர் அதைத் தடியால் அடித்தார். பத்து நாள் கழித்து மற்றொன்றையும் கொன்றது. "ஐயா, பாணாதிபாதம் செய்தது நாயா, நாயை வளர்த்த நானா? நாயைத் துரத்திவிட்டால் பாவம் தீருமா?" என்பது அவர் வினா.

சுற்றி நின்றோரில் சிலர் நகைத்தனர். நமக்கோ நகைப்பு வரவில்லை. சீலம் என்பது பூசை அறையில் உச்சரிப்பதற்கு மட்டுமன்று. புழக்கடையில் நாயும் கோழியும் திரியும் இடத்திலும் அது நிற்குமா என்று ஒருவர் கேட்கிறாரெனின், அவர் தம்மத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறார் என்றே பொருள். ஆகவே அவ்வினாவை இங்கே விரித்தாராய்வோம்.

முதலாவது, நாய் குற்றவாளியா? பகவான் புத்தர் கருமம் என்பதைச் சேதனையாக, அதாவது மனத்தின் எண்ணமாக வைத்துப் போதித்தார். நாய்க்கோ ஓடுவதைத் துரத்துவதும், படபடக்கும் சிறகைக் கவ்வுவதும் பிறவியோடு வந்த இயல்பு. நமது தென்னாட்டுக் கன்னி, சிப்பிப்பாறை இனங்களை முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள் மனிதர்களே. வேட்டைக்கு வளர்த்ததும் மனிதன், வேட்டையாடிவிட்டதென்று அடிப்பதும் மனிதன். இதில் நியாயம் எங்கே? செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் அது திருந்தும் என்று நம்புவோரும் உளர். சில நாழிகைக்குப் பின்வரும் தண்டனை எதற்காக என்று நாய் அறியாது. கையை ஓங்கும் எசமானுக்கு அஞ்ச மட்டுமே கற்கும்.

குக்குர ஜாதகத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். காசி அரசனின் தேர்த்தோல் வார்களை மழையில் நனைந்த இரவில் அரண்மனை நாய்களே தின்றன. பழியோ தெருநாய்கள்மேல் விழுந்தது. நகரத்து நாய்களையெல்லாம் கொல்ல ஆணை பிறந்தது. அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. சுடுகாட்டில் வாழ்ந்த நாய்களின் தலைவராகப் பிறந்திருந்த போதிசத்துவர் அரசவைக்கு வந்து, விசாரியாமல் தண்டிப்பதும் ஒரு சாராருக்கு இரங்கி மறுசாராரைக் கொல்வதும் அரச நீதியாகுமா என்று வினவினார். புல்லையும் மோரையும் சேர்த்து அரண்மனை நாய்களுக்குக் கொடுக்கச் செய்து, அவை கக்கிய தோல் துண்டுகளைக் காட்டி உண்மையை நிலைநாட்டினார். விசாரணையின்றித் தண்டனை எத்தகையது என்பது நம் சமூகத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, வளர்த்தவர் குற்றவாளியா? கண்ணிழந்த சக்குபால தேரர் நடந்தபோது காலடியில் பூச்சிகள் இறந்தன. கொல்லும் எண்ணமின்மையால் அவர்மேல் பாவமில்லை என்று பகவான் தெளிவுறுத்தினார். அவ்வாறே முதற்கோழியின் சாவு நம் சகோதரர் அறியாதது. இரண்டாவது கோழியோ அவ்வாறன்று. நாயின் இயல்பை முதல் நாளே கண்டுகொண்டவர், பத்து நாளும் ஒரு வலையும் கட்டாமல், அடித்ததே போதுமென்றிருந்தார். அவர் கொலை செய்யவில்லை. ஆனால் பமாதம், அதாவது அசட்டை, அவருடையது. பகவான் இறுதியாகத் தம் சீடர்க்கு விடுத்த போதனை அசட்டையின்மையே என்பதை மறவாதீர்கள்.

நாம் இதனை நூல்களில் கற்பதற்கு முன்னரே மில்லில் கற்றோம். கார்டிங் பிரிவில் நாம் நின்ற காலத்தில் ஒரு யந்திரத்தின் மூடி கழன்று கிடந்தது. உடன் நின்ற தொழிலாளியின் இரு விரல்கள் போயின. "கையை ஏன் நீட்டினாய்?" என்று மேஸ்திரி அவரையே ஏசினார். பின்னர் பாளி சங்கதிகளைப் படிக்கத் தொடங்கிய அதே இராப்பொழுதுகளில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தோம். ஆபத்தான யந்திரப் பாகங்களுக்கு வேலியிடுதல் உடையவர் கடமை என்று அதன் 21ஆம் பிரிவு விதித்திருந்தது. யந்திரத்தைக் கோபித்துப் பயனில்லை. கையைக் கோபித்தும் பயனில்லை. வேலியிடாதவரையே கேட்க வேண்டும். பின்கட்டுக்கும் இதுவே நீதி.

மூன்றாவது, துரத்திவிட்டால் தீருமா? தீராது. நம் கண்ணுக்கு அப்பால் அந்த நாய் பட்டினி கிடக்கும். அன்றேல் வேறொரு ஏழையின் கோழியைப் பிடிக்கும். நாம் பாவத்தை நீக்கினவராகோம், இடம் மாற்றினவராவோம். நாய் என்ற சொல் நம்மவர்க்கு வெறும் விலங்கின் பெயரன்று என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்நாட்டு நாய்க்கு ஆங்கிலேயர் நம் குலப்பெயரையே சூட்டிப் 'பறையா நாய்' என்றனர். மகாடு சவுதார் குளத்தில் விலங்குகள் நீர் குடிக்கலாம், நம்மவர் குடிக்கலாகாது என்றிருந்த கொடுமையை எதிர்த்தே 1927 மார்ச்சு 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் அந்நீரை அள்ளிப் பருகினார். 1931 ஆகஸ்டு 14ஆம் நாள் இதே மும்பையின் மணி பவனத்தில் காந்தியாரை நேரிற்கண்டு, நாய் பூனையினும் கீழாக நம்மை நடத்தும் நாட்டை எவ்வாறு தாய்நாடு என்பது என்று கேட்டார். அவர் கேட்டது நாயைத் தாழ்த்தும்படியன்று. மனிதனை மனிதனாக நடத்தும்படி. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் அளித்த 22 உறுதிமொழிகளில், சகல ஜீவர்களிடத்தும் கருணைகொண்டு அவற்றைக் காப்பேன் என்பதும் ஒன்று. அதில் நாயும் உண்டு, கோழியும் உண்டு.

ஆயின் இரண்டையும் ஒருங்கே காப்பது எங்ஙனம்? வழி கடினமன்று, பொறுமையே வேண்டும். இரவில் கோழிகள் கதவுள்ள கூண்டில் அடையட்டும். மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி நாயை வெளியே நிறுத்தாது. பற்றவைத்த கெட்டிக் கம்பிவலையே நன்று. நாய் தோண்டும் விலங்காதலின் வலையின் அடியைச் சிறிது மண்ணுள் புதைத்தல் வேண்டும். பகலில், கோழிகள் வலைக்குள் இருக்க, நாயைக் கயிற்றில் பிடித்துத் தொலைவில் உட்காரவையுங்கள். பாயாமல் அமைதியாய் இருக்குங்கால் ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள்; உறுத்துப் பார்த்து உடல் விறைக்குமாயின் அப்பால் அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் சிறிது சிறிதாக அண்மைக்குக் கொணருங்கள். இதற்கு வாரங்கள் ஆகும். சில நாய்கள் ஒருபோதும் நம்பத்தக்கன ஆகா. எந்த நாயாயினும் ஆளில்லாத வேளையில் கோழிகளோடு தனித்து விடாதீர்கள்.

நாயைக் காலையும் மாலையும் நடத்திச் செல்லுங்கள். ஓட்டமில்லாத நாயே கோழியைத் துரத்தும். குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தலும், கட்டிய நாயை உலவ விடாமையும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறாமல் போடுங்கள். நமது மில்கள் நிறைந்திருந்த பரேலிலேயே 1883இல் நிறுவப்பட்ட பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக வைத்தியசாலை இருக்கிறது. கோழி எச்சத்தையும் தீனியையும் நாய் தின்னாதபடி ஒதுக்கி வையுங்கள். வேகவைத்த கோழியெலும்பைப் போடாதீர்கள், அது சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இவையெல்லாம் சொன்னபின் நாம் அச்சகோதரரை ஒரு கேள்வி கேட்டோம்: "மீதமுள்ள நான்கு கோழிகளும் என்னாகும்?" அவர் தலை குனிந்து, "விருந்தினர் வந்தால் அறுப்போம் ஐயா" என்றார். அருகில் நின்ற அவர் மகள், "அப்படியானால் நாயை ஏன் அடித்தீர்கள் அப்பா?" என்றாள். அதன்பின் எவரும் நகைக்கவில்லை.

சிறுமியின் அச்சொல் நம்மையும் சுட்டது. சம்பள நாள்தோறும் கோழி அறுத்து உண்ட வாழ்வே நம்முடையதும். புலால் உண்போரைத் தம்மத்துக்குப் புறம்பானவர் என்று பகவான் தள்ளவில்லை. தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் கண்டும் கேட்டும் ஐயுற்றும் உள்ள ஊனையே பிக்குகட்கு விலக்கினார். உயிர்களையும் ஊனையும் விற்கும் வாணிபத்தை இல்லறத்தார்க்கு விலக்கினார். நம் கையால் தீனியிட்ட கோழியை நாமே அறுக்குமிடத்தில் காணாமையும் கேளாமையும் ஏது? அயலாரைக் கொண்டு அறுப்பித்தாலும் ஏவினவர் நாமே.

தில்லியில் இன்றும் நிற்கும் தூணொன்றில், தமது முடிசூட்டின் 26ஆம் ஆண்டில் அசோகர் பொறித்த சாசனம் உண்டு. சேவல்களுக்கு விதையடிக்கலாகாது என்றும், ஓருயிரை மற்றோருயிருக்கு இரையாக்கி வளர்க்கலாகாது என்றும் அதில் விதித்தார். பேரரசின் கவலைகளுக்கிடையே ஒரு சேவலின் நோவை எண்ண அவருக்கு நேரமிருந்தது. பத்தடி மண்தரைக்கு அதிபதியான நமக்கு நேரமில்லை என்னலாமா?

அடுத்த ஞாயிறு அச்சகோதரர் தாராவியில் கம்பிவலை வாங்கித் தோளில் சுமந்துகொண்டே வந்தனைக்கு வந்தார். கூண்டும் கட்டியாயிற்று, நாயும் கயிற்றில் இருந்து பழகுகிறது. முட்டைக்காக மட்டும் கோழிகளை வைத்துக்கொள்வதா, பழைய வழக்கப்படியே நடப்பதா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. வாக்குறுதியை வாங்குவது எளிது. தம் கையை தாமே பார்த்து ஒருவர் நிறுத்துவதே சீலம். மகள் மட்டும் ஒவ்வொரு கோழிக்கும் பெயரிட்டுவிட்டாள் என்று கேள்விப்படுகிறோம்.